தண்ணீரில் தத்தளிப்பவரிடம் விசா கேட்கலாமா? வக்கீல் பதில்கள்

போன மாதம் சென்னிமலை வாசகர் ஒருவர், நடுக்கடலில் அகதிகள் படகு கவிழ்ந்தால் அந்தப் பக்கம் போகிற சரக்குக் கப்பல் காப்பாற்றித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தார். ஆமாம், சட்டப்படி கட்டாயம் என்று இரண்டு வரியில் முடித்திருந்தேன். பாகப்பிரிவினை, கிணற்றுப் பங்கு, வண்டித்தடம் என்று வழக்கமாக வருகிற தபாலில் இந்த முறை பாதிக்கு மேல் கடல்தான். கடற்கரையே இல்லாத நம் சீமையில் இத்தனை பேருக்கு இதில் அக்கறை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோபமான கடிதங்களும் உண்டு, அதில் ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: ஏனுங்க வக்கீல் சார், விசா இல்லாமல், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுத்துக் கள்ளத்தோணியில் வருகிறவன் தெரிந்தேதானே ஏறுகிறான்? அவனைக் காப்பாற்றச் சொன்னால் சட்டத்தை மீறுகிறவனுக்கு வெகுமதி கொடுத்த மாதிரி ஆகாதா? எப்படியும் காப்பாற்றிவிடுவார்கள் என்று தெரிந்தால் இன்னும் நாலு பேர் கிளம்பத்தானே செய்வார்கள்?
ஓய்வுபெற்ற ஆசிரியர், காங்கேயம்

பதில்: வாத்தியாரய்யா, இதில் இரண்டு கேள்வி இருக்கிறதுங்க, தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

முதலாவதற்குச் சட்டத்தில் குழப்பமே இல்லை. 1982ஆம் வருட ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 98ஆவது பிரிவு, கடலில் உயிர் போகிற ஆபத்தில் இருக்கும் எந்த மனிதருக்கும் கப்பல் கேப்டன் உதவவேண்டும், ஒவ்வொரு நாடும் தன் கொடி பறக்கிற கப்பல்களை அதற்குக் கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறது. தன் கப்பலுக்கோ அதில் இருப்பவர்களுக்கோ பெரிய ஆபத்து வரும் என்றால் மட்டும்தான் விலக்கு. இந்தியா 1995இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இது ஒன்றும் மனித உரிமைக்காரர்கள் நேற்றுக் கிளப்பிவிட்ட விஷயமும் இல்லை. 1910இல் பிரஸ்ஸல்ஸில் போட்ட ஒப்பந்தத்திலேயே, கடலில் ஆபத்தில் இருப்பவர் எதிரியாகவே இருந்தாலும் உதவவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து டைட்டானிக் மூழ்கியது. கொஞ்ச தூரத்திலேயே கலிஃபோர்னியன் என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது, ஆனால் அதன் கம்பியில்லாத் தந்தி ஆபரேட்டர் படுத்துத் தூங்கிவிட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1914இன் முதல் சோலாஸ் ஒப்பந்தம். இப்போது நடப்பில் இருப்பது 1974இல் போட்டது. அதை 2004இல் திருத்தியபோது உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் எழுதிவிட்டார்கள்: ஆபத்தில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர், அவருடைய சட்ட நிலை என்ன, எந்தச் சூழ்நிலையில் அங்கே வந்து மாட்டினார் என்பதையெல்லாம் பார்க்காமல் உதவவேண்டும்.

நம் பைபாஸ் ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா 108ஐக் கூப்பிடுகிறோம்? குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் வழக்கு வரும், வரட்டும், அது ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு. கடலிலும் அப்படித்தான். காப்பாற்றப்பட்டதாலேயே யாருக்கும் குடியுரிமை கிடைத்துவிடுவதில்லை. கரைக்கு வந்தபிறகு விசாரிக்கலாம், தஞ்சம் கேட்டால் பரிசீலிக்கலாம், தகுதி இல்லை என்றால் முறைப்படி திருப்பியும் அனுப்பலாம். வெகுமதி எங்கே வந்தது?

இரண்டாவது கேள்வியை ஐரோப்பிய அரசியல்வாதிகள் பத்து வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2013 அக்டோபர் 3ஆம் தேதி இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்து 368 பேர் செத்துப்போனார்கள். அந்த வேகத்தில் இத்தாலியக் கடற்படை 'மாரே நோஸ்ட்ரும்' என்ற மீட்புப் பணியைத் தொடங்கி, ஒரே வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தது. செலவு அதிகம், இதுதான் ஆட்களை இழுக்கிறது என்று சொல்லி 2014 அக்டோபரில் நிறுத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் ஒரே படகில் சுமார் 800 பேர் மூழ்கினார்கள், அந்த வருடம் மொத்தமாகப் பத்து லட்சத்துக்கும் மேல் கடல் வழியாக ஐரோப்பா வந்து சேர்ந்தார்கள். அதில் பெரும்பகுதி துருக்கியிலிருந்து கிரீஸுக்கு வந்தவர்கள், அது வேறு வழி என்று நீங்கள் வாதாடலாம், நியாயம்தான். ஆனால் கப்பலை நிறுத்தினால் ஆள் வருவது நின்றுவிடும் என்ற கணக்கு மட்டும் பலிக்கவில்லை. சிரியாவில் வீட்டின்மேல் குண்டு விழும்போது, கடலில் மீட்புக் கப்பல் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டா ஒருவன் குடும்பத்தோடு கிளம்புவான்?

கேள்வி: நாங்கள் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி ஐரோப்பா போகிறது. போகிற வழியில் அகதிகளைக் காப்பாற்றுகிறேன் என்று கப்பல் நின்று பத்து நாள் தாமதமானால் நஷ்டம் யார் தலையில்? ஷிப்பிங் லைன்மேல் கேஸ் போடலாமா?
பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: போடலாம், தோற்றுப்போவீர்கள். சரக்குக் கப்பல்களுக்கான ஹேக் விதிகள் 1924இல் வந்தவை, நம் நாட்டின் கடல்வழிச் சரக்குச் சட்டமும் அதைப் பார்த்து எழுதியதுதான். உயிரையோ உடைமையையோ காப்பாற்றுவதற்காகக் கப்பல் வழி மாறிப்போனால் அது ஒப்பந்த மீறல் ஆகாது, அதனால் வருகிற நஷ்டத்துக்குக் கப்பல்காரர் பொறுப்பில்லை என்று அதில் இருக்கிறது.

இதில் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு உண்டு, வியாபாரிகளுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். 'ஒலிம்பியாஸ்' என்ற கப்பல் ரஷ்யாவிலிருந்து கோதுமை ஏற்றிக்கொண்டு ஜிப்ரால்டர் போகிறது. வழியில் 'ஆரியன்' என்ற கப்பல் இயந்திரம் கெட்டு நிற்கிறது. அதில் இருந்த ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம், கடலும் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் கப்பலையே கட்டி இழுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆயிரம் பவுன் தருகிறேன் என்று பேச்சு வந்ததும் கேப்டனுக்கு ஆசை வந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போகும்போது ஒலிம்பியாஸ் மணல்மேட்டில் ஏறி, கோதுமையோடு போய்விட்டது. 1880இல் தீர்ப்பு: உயிரைக் காப்பாற்ற வழி மாறியிருந்தால் யாரும் கேட்கமுடியாது, கூலிக்காக உடைமையைக் காப்பாற்றப் போனது தப்பு, கோதுமைக்கு நஷ்டஈடு கொடு. பிறகு வந்த ஹேக் விதிகள் உடைமைக்கும் இடம் கொடுத்துவிட்டன. ஆனால் இன்ஷூரன்ஸ் பக்கம் பழைய கண்டிப்பு இன்னும் இருக்கிறது, மீட்பைப் பொறுத்தவரை நம் 1963ஆம் வருடக் கடல் காப்பீட்டுச் சட்டத்தில் மன்னிக்கப்படுவது மனித உயிருக்காக வழி மாறுவது மட்டும்தான். அதனால் மீட்புக்காகக் கப்பல் திரும்பியது என்பதற்காக உங்கள் பாலிசி செத்துப்போகாது. அதே சமயம் வெறும் தாமதத்தால் வருகிற நஷ்டத்தைச் சாதாரண சரக்கு பாலிசி தராது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நிஜத்தில் நீங்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. திருப்பூரில் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. கணக்கில்தானே விற்கிறீர்கள்? சரக்கு கப்பலில் ஏறியதும் ஆபத்துப் பொறுப்பு வாங்குகிறவருக்குப் போய்விடுகிறது. எல்.சி.யில், அதாவது வங்கி தருகிற பண உத்தரவாதக் கடிதத்தில், வங்கி பார்ப்பது கப்பலில் ஏற்றிய தேதியை, போய்ச் சேர்ந்த தேதியை இல்லை. கப்பல்காரருக்கும் எரிபொருள், துறைமுகக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு இதெல்லாம் கப்பல் முதலாளிகள் தங்கள் பொறுப்புகளுக்காக எடுக்கிற பி அண்ட் ஐ காப்பீட்டிலிருந்து வந்துவிடும். மற்றபடி, 'லேட்டானால் டிஸ்கவுண்ட்' என்று பையர் போட்ட கண்டிஷனில் நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அதற்குக் கடல் சட்டம் என்ன செய்யும்? அக்ரிமென்ட்டை அனுப்புங்கள், பார்க்கலாம்.

கேள்வி: காப்பாற்றியவர் காப்பாற்றப்பட்டவரிடம் கூலி கேட்கலாமா?
வாசகர், உடுமலை

பதில்: கூடாது. கப்பலையோ சரக்கையோ மீட்டால் கூலி உண்டு, உயிருக்குக் கிடையாது. 1989ஆம் வருடக் கடல் மீட்புக் கூலி (சால்வேஜ்) ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது.

கேள்வி: காப்பாற்ற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சரி. காப்பாற்றிய பிறகு எங்கே இறக்கிவிடுவது? செய்திகளில் மீட்புக் கப்பல்கள் வாரக்கணக்கில் துறைமுகத்துக்கு வெளியே நிற்பதைப் பார்க்கிறேன். அதுவும் சட்டப்படிதானா?
சட்டக் கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, இந்தச் சட்டத்தில் ஓட்டை எங்கே என்று சரியாகக் கைவைத்துவிட்டாய். கேப்டனின் கடமை கல்வெட்டு மாதிரி இருக்கிறது. கரையில் இருக்கிற அரசின் கடமையைத்தான் வழவழவென்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

1979இல் ஹாம்பர்க்கில் போட்ட தேடுதல் மீட்பு ஒப்பந்தப்படி உலகத்துக் கடலையெல்லாம் மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு நாடு பொறுப்பு. நம் பக்கம் மும்பை, சென்னை, போர்ட் பிளேர் மூன்று இடத்திலும் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது. மீட்கப்பட்டவரைப் 'பாதுகாப்பான இடத்தில்' சேர்த்தால்தான் மீட்பு முடிந்ததாகக் கணக்கு. 2004இல் செய்த திருத்தம், அப்படி ஓர் இடத்தை ஏற்பாடு செய்யும் முதல் பொறுப்பு அந்த மண்டலத்து நாட்டுக்கு என்றது. கவனித்துப் படி: ஏற்பாடு செய்யவேண்டும் என்றுதான் இருக்கிறது, தன் துறைமுகத்திலேயே இறக்கவேண்டும் என்று இல்லை. அதையும்கூட மத்தியதரைக் கடலில் இருக்கிற குட்டித் தீவு நாடான மால்ட்டா ஏற்றுக்கொள்ளவில்லை. அதன் மண்டலமோ அந்தத் தீவைப்போலப் பல நூறு மடங்கு பெரியது.

இந்தத் திருத்தமே ஒரு சண்டையில் பிறந்ததுதான். 2001 ஆகஸ்ட்டில் நார்வே நாட்டு சரக்குக் கப்பல் 'டாம்பா', ஆஸ்திரேலியா சொன்னதன்பேரில் போய், மூழ்கிக்கொண்டிருந்த ஒரு படகிலிருந்து 430க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. பெரும்பாலும் ஆப்கானிஸ்தானின் ஹசாரா இனத்தவர். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவுக்குப் பக்கத்தில் வந்ததும் அதே ஆஸ்திரேலியா உள்ளே வராதே என்றது. கேப்டன் அர்னே ரின்னான், ஆட்களுக்கு உடம்பு முடியவில்லை என்று உள்ளே நுழைந்தார், ஆஸ்திரேலியா ராணுவத்தின் சிறப்புப் படையைக் கப்பலில் ஏற்றியது. கடைசியில் சிலரை நியூசிலாந்து எடுத்துக்கொள்ள, மற்றவர்களை நவ்ரு தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அழைத்துக் காப்பாற்றச் சொன்ன அரசே கதவைச் சாத்தினால், அடுத்த முறை எந்தக் கேப்டன் ரேடியோவுக்குப் பதில் சொல்வான் என்ற பயம் கப்பல் உலகத்துக்கு வந்தது, அதில் வந்ததுதான் 2004 திருத்தம்.

வந்து என்ன? 2020 ஆகஸ்ட்டில் 'மர்ஸ்க் எட்டியென்' என்ற டேங்கர், மால்ட்டா கேட்டுக்கொண்டதால் 27 பேரைக் காப்பாற்றியது. 38 நாள் அவர்களை இறக்க யாரும் விடவில்லை. மூன்று பேர் வெறுத்துப்போய்க் கடலில் குதித்து, கப்பல் ஊழியர்கள் திரும்பத் தூக்கினார்கள். கடைசியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மீட்புக் கப்பல்தான் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நீ கேட்ட "அதுவும் சட்டப்படிதானா" என்பதற்கு என் பதில்: இல்லை. ஆனால் இன்ன நாடுதான் மீறியது என்று விரல் நீட்டுவதற்கு ஏற்ற மாதிரி சட்டத்தை எழுதவில்லை, எல்லோரும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தோம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் மனித உரிமைச் சட்டம் உள்ளே வருகிறது. கடல் சட்டம் நாடுகளுக்கு இடையில் பேசுகிறது, மீட்கப்பட்ட ஆள் அதைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போடமுடியாது, மனித உரிமைச் சட்டத்தில் அவரே மனுதாரர். பரீட்சைக்கு இல்லாவிட்டாலும் இரண்டு வழக்கைப் படித்துவிடு. ஒன்று, ஹிர்ஸி ஜமா எதிர் இத்தாலி. 2009 மே மாதம் லாம்பெதூசாவுக்குத் தெற்கே 35 கடல் மைலில் சுமார் 200 பேரை இத்தாலியப் படகுகள் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்றுகூடச் சொல்லாமல் நேராகத் திரிபோலிக்குக் கொண்டுபோய் லிபியாக்காரர்கள் கையில் ஒப்படைத்தார்கள். அதில் 24 பேர், சோமாலியர்களும் எரித்திரியர்களும், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போனார்கள். இது சர்வதேசக் கடல், எங்கள் எல்லை இல்லை என்றது இத்தாலி. ஆள் உங்கள் கப்பலில், உங்கள் பிடியில் இருக்கும்போது உங்கள் சட்டப் பொறுப்பும் கூடவே இருக்கிறது என்று 2012 பிப்ரவரியில் தீர்ப்பானது. சித்திரவதை நடக்கும் இடத்துக்கு அனுப்பியது தப்பு, தனித்தனியாக விசாரிக்காமல் கும்பலாகத் திருப்பியது தப்பு. ஆளுக்கு 15,000 யூரோ நஷ்டஈடு. இன்றைக்கு லிபியாவைப் பாதுகாப்பான இடம் என்று ஐரோப்பாவில் எந்த அரசும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறதென்றால் இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி, லிபியக் கடலோரப் படைக்கே படகும் பயிற்சியும் கொடுத்து, நம் கப்பலில் ஏறினால்தானே வம்பு, நீயே பிடித்துக்கொண்டு போ என்று விட்டுவிடுவது. சட்டம் படிக்கிறவள் இதையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

இரண்டாவது, 2013 அக்டோபர் 11ஆம் தேதி நடந்தது. மூழ்குகிற படகிலிருந்து ஒருவர் சாட்டிலைட் போனில் ரோமில் இருக்கிற இத்தாலிய மீட்பு மையத்தைக் கூப்பிடுகிறார், திரும்பத் திரும்ப. அது மால்ட்டா மண்டலம், மால்ட்டாவைக் கூப்பிடு என்கிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவில் 'லிப்ரா' என்ற இத்தாலியப் போர்க்கப்பல் இருந்தது, அதை உடனே அனுப்பவில்லை. 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சுமார் 60 குழந்தைகள். 2021 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமைக் குழு, மண்டலம் யாருடையதாக இருந்தாலும் கூப்பிட்டவரின் உயிர் அந்த நேரத்தில் உன் கையில் இருந்தது, உயிர் வாழும் உரிமையைக் காக்க இத்தாலி தவறிவிட்டது என்றது. போன் எடுத்தவுடனேயே பொறுப்பு ஒட்டிக்கொள்கிறது என்ற அளவுக்குப் போன முடிவு அது. அந்தக் குழுவின் முடிவை அமல்படுத்தப் போலீஸ் கிடையாது என்பதும் உண்மைதான்.

கேள்வி: என் மச்சான் நாகப்பட்டினத்தில் விசைப்படகில் போகிறவர். கடலில் அகதிகளைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தால் ஆள் கடத்தல் கேஸில் உள்ளே வைத்துவிடுவார்கள், கண்டும் காணாமல் வந்துவிடு என்று கூட்டாளிகள் சொல்கிறார்களாம். நிஜமா?
வாசகர், கரூர்

பதில்: மச்சானிடம் 1554 என்ற எண்ணைச் சொல்லிவிடுங்கள், கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண், கட்டணம் இல்லை. படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 16ஆவது சேனல். பார்த்த உடனே, ஏற்றுவதற்கு முன்பே கூப்பிட்டு இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடவேண்டும். ஆள் தண்ணீரில் இருந்தால் ஏற்றிக்கொண்டே கூப்பிடலாம், பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆள் கடத்தல் பற்றிய 2000ஆம் வருட ஐ.நா. நெறிமுறையை இந்தியாவும் ஏற்றிருக்கிறது, அதன்படி காசு அல்லது வேறு ஆதாயத்துக்காகச் செய்தால்தான் கடத்தல். பணம் வாங்காமல், தகவல் கொடுத்துவிட்டு, அதிகாரிகளிடமே நேராக ஒப்படைத்தவரைக் கடத்தல்காரர் என்று நிரூபிப்பது லேசில் நடக்காது.

ஆனால் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2007 ஆகஸ்ட்டில் துனிசியா மீனவர்கள் ஏழு பேர், மூழ்கும் ரப்பர் படகிலிருந்து 44 பேரைக் காப்பாற்றி லாம்பெதூசாவில் கொண்டுவந்து விட்டார்கள். கைது, படகுகள் பறிமுதல், வழக்கு. ஐந்து பேர் 2009இல் விடுதலையானார்கள், இரண்டு கேப்டன்கள் அப்பீலில் 2011இல்தான் வெளியே வந்தார்கள். ஜெயித்தார்கள்தான், நாலு வருடம் படகு இல்லாமல் ஒரு மீனவர் என்ன ஜெயிப்பு ஜெயிப்பார் சொல்லுங்கள்.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட ஒரு சம்பவமே இருக்கிறது. 1996 கிறிஸ்துமஸ் இரவு சிசிலிக்கும் மால்ட்டாவுக்கும் நடுவில், பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு ஆட்களை மாற்றும்போது விபத்து. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இலங்கைத் தமிழர்கள், இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள். தப்பித்தவர்கள் சொன்னதை அரசு நம்பவில்லை. அதே நேரத்தில் சிசிலியில் போர்டோபாலோ என்ற மீனவ ஊரில் வலையில் பிணங்கள் ஏற ஆரம்பித்தன. சொன்னால் போலீஸ் விசாரணை வரும், படகை நிறுத்திவைப்பார்கள், பிழைப்புப் போகும் என்று பயந்து அந்த மீனவர்கள் பிணங்களைத் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். நாலைந்து வருடம் ஊரே வாய் திறக்கவில்லை. வலையில் வந்த ஒரு தமிழ்ப் பையனின் அடையாள அட்டையை ஒரு மீனவர் 2001இல் பத்திரிகைக்காரரிடம் கொடுத்த பிறகுதான் கப்பல் மூழ்கியது உண்மை என்று உலகம் ஒத்துக்கொண்டது. அந்த மீனவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உதவினால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களை நினைக்கவைத்த அரசைத்தான் கேட்கவேண்டும்.

கேள்வி: 1990இல் என் அம்மாவும் சித்தப்பாவும் மன்னாரிலிருந்து படகில் வந்து, அரிச்சல்முனைக்கு முன்னால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டு, ஒரு ராத்திரி முழுக்க நின்றார்கள். நான் முகாமிலேயே பிறந்தவள். 2022இல் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் கனடா போகக் கப்பலேறி, வியட்நாமில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் பொருந்துமா?
வாசகி, மறுவாழ்வு முகாம், பவானிசாகர்

பதில்: சகோதரி, தண்ணீரில் இருக்கும்வரை முழுசாகப் பொருந்தும். கரைக்கு வந்தபிறகு எந்த நாட்டுக் கரை என்பதைப் பொறுத்தது.

மணல்திட்டில் விட்டுவிட்டுப் படகோட்டி திரும்பிப்போவது இன்றுவரை நடக்கிறது. 2022 மார்ச்சில் இலங்கையில் சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு வந்தபோது கைக்குழந்தையோடு ஆறு பேர் அப்படித்தான் நின்றார்கள், நம் கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்டில் போய் ஏற்றி வந்தது. அந்த ஆறு பேரையும் முதலில் கரை சேர்த்தார்கள், விசாரணையெல்லாம் அப்புறம்தான், அதுதான் சரி.

உங்கள் உறவுப் பையன் போனது 2022 நவம்பரில் 303 பேரோடு தத்தளித்த கப்பலாகத்தான் இருக்கவேண்டும். ஜப்பான் கொடி பறக்கிற 'ஹீலியோஸ் லீடர்' என்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கியது. உயிர் பிழைத்தது அந்தப் பழைய கடல் சட்டத்தால்தான். ஆனால் வியட்நாம் 1951ஆம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் இல்லை, டிசம்பரிலேயே 151 பேர் இலங்கைக்குத் திரும்பிவிட்டார்கள். இதோடு 1986 ஆகஸ்ட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெர்மனியிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல், 150க்கும் மேற்பட்ட தமிழர்களை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கி அட்லாண்டிக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டது. மூடுபனியில் அவர்களைப் பார்த்த கனடாவின் நியூஃபவுண்ட்லாண்ட் தீவு மீனவர் கஸ் டால்ட்டன் தன் படகில் ஏற்ற ஆரம்பித்து, மற்ற படகுகளையும் கூப்பிட்டார். வந்தவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்ததை மறைத்துச் சொன்னது பிறகு தெரிந்து பெரிய சர்ச்சையானது, அப்படியும் கனடா ஒரு வருட அனுமதி கொடுத்து இருக்கவிட்டது. முப்பது வருடம் கழித்து அந்த மீனவரைப் பார்க்க அவர்களில் சிலர் நியூஃபவுண்ட்லாண்டுக்கே திரும்பப் போனார்கள்.

இந்தியாவும் 1951ஆம் வருட ஒப்பந்தத்தில் இல்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. இருப்பது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு. அது குடிமக்களுக்கு மட்டும் இல்லை, இந்த மண்ணில் நிற்கிற யாருக்கும் உண்டு என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 2021இல் ரோஹிங்கியா வழக்கில் 21ஆவது பிரிவு உங்களுக்கும் உண்டு என்று ஒத்துக்கொண்டுவிட்டு, நாட்டைவிட்டு அனுப்பப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்குத்தான் என்றும் சொன்னது. எனக்கு இந்த இரண்டாவது தீர்ப்போடு உடன்பாடு இல்லை. உயிருக்கு உரிமை உண்டு, ஆனால் உயிர் போகும் இடத்துக்கு அனுப்பலாம் என்றால் அந்த உரிமைக்கு என்ன அர்த்தம்?

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மேல் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஆணை போட்டிருக்கிறது. உங்கள் அம்மாவும் சித்தப்பாவும் அதில் வருவார்கள், பதிவு அட்டையைப் பத்திரமாக வையுங்கள். இது குடியுரிமை இல்லை. உங்கள் முகாமில் யாராவது 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் கதை வேறு, அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்படிப்பட்டவர்களின் பிறப்புச் சான்றிதழோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: லிபியா வரைக்கும் விமானம், அங்கிருந்து இத்தாலிக்குப் படகு, எட்டு லட்சம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். நடுவில் ஏதாவது ஆனாலும் சர்வதேசச் சட்டப்படி காப்பாற்றியே தீரவேண்டும், பயப்படாதே தம்பி என்கிறார். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.
24 வயது வாசகர், நாமக்கல்

பதில்: போகாதீர்கள். மேலே நான் எழுதியதையெல்லாம் அந்த ஏஜென்ட் படித்திருப்பார்போல, பாதியை மட்டும் சொல்கிறார். காப்பாற்றவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, காப்பாற்றுவார்கள் என்று உத்தரவாதம் கிடையாது. 2011 மார்ச்சில் திரிபோலியிலிருந்து 72 பேரோடு ஒரு ரப்பர் படகு கிளம்பியது. எரிபொருள் தீர்ந்தது. ரோம் மையத்துக்குத் தகவல் போனது, அவர்கள் சுற்றியுள்ள கப்பல்களுக்கெல்லாம் அறிவித்தார்கள். ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போனது. ஒரு போர்க்கப்பல் பக்கத்திலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியது. அப்போது லிபியாவில் நேட்டோ சண்டை நடந்துகொண்டிருந்தது, அந்தக் கடல் முழுக்கக் கப்பல்தான். இரண்டு வாரம் கழித்து அலையே அந்தப் படகை லிபியாவில் ஒதுக்கியபோது 11 பேர் உயிரோடு இருந்தார்கள், அதிலும் இரண்டு பேர் பிழைக்கவில்லை. கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற ஐரோப்பிய நாடுகளின் அமைப்பு விசாரித்து அறிக்கை போட்டது. 2014இலிருந்து கணக்கெடுத்தால் மத்தியதரைக் கடலில் மட்டும் 30,000 பேருக்கு மேல் செத்தோ காணாமலோ போயிருக்கிறார்கள், ஐ.நா. கணக்கிலேயே.

முன்பணம் போகட்டும் என்று விட்டுவிடவும் வேண்டாம். 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பது குற்றம். அந்த ஏஜென்ட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள். படகு வழியாக அனுப்புகிறவருக்கு இருக்காது. பணம் கொடுத்ததற்கு ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர் வாட்ஸாப்பில் பேசிய குரல் பதிவு எதையும் அழிக்காமல், நாமக்கல் மாவட்டக் குற்றப்பிரிவிலும் சென்னையில் இருக்கிற குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். புகார் எழுதத் தெரியவில்லை என்றால் விவரத்தை அனுப்புங்கள், நானே எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.